திருடனுக்கு ரெண்டு வாத்தியார்

— அய்யே, விரலை எடுய்யா அதுமேல இருந்து!

— ஆடாதீங்க மேடம்! ஆடினா சுட்டுருவேன்!

— நான் எங்கய்யா ஆடறேன்? நீதான் ஆடறே. குழல் முனையைப் பாரு. என் தலைக்கும் காலண்டருக்கும் போய்ட்டுப் போய்ட்டு வருது.

— சும்னே அப்படியே நில்லுங்க மேடம். பக்கத்துல வராதீங்க.

— வரலை. நீ மொதல்ல ட்ரிகர்ல இருந்து விரலை எடுத்து வெளியே நீட்டி வை. சுடறதுன்னு முடிவு பண்ண அப்புறம்தான் விரல் உள்ள போகணும். எங்க க்ளப்புல மொத நாளே இத்த சொல்லிட்டுத்தான் உள்ள வுடுவாங்க.

— இப்படியா?

— ஆங். அப்படித்தான். இப்ப பேசு, இன்னா வேணும் உனக்கு?

— யார்கிட்டமே பேசிக்கினு கீறே? கதவு தொறந்து கெடக்குது, வாசல்ல யாரோ செருப்பு வுட்டிருக்காங்க...

— யோவ், உள்ள வராத! திருடன்யா!

— திருடனா?

— ஆமா பிரதர். திருடன்தான். நீங்களும் கையைத் தூக்குங்க.

— அட! இம்மாம் சீக்கிரமாவா?

— இன்னாய்யா கேள்வி இது?

— இல்லமே, திருடங்கன்னா சாயங்காலத்துக்கு மேலதான் வருவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

— கையில என் பிஸ்டலை வெச்சிக்கினு கீறான்யா, நீ டைம் கேட்டுக்கினு கீறே!

— பயப்படாத பாக்கியம். நான் வந்துட்டேன்ல. தம்பி, நான் யாரு தெரியுமா? மனோகர். பத்தொம்பது வருசமா கேஷ் வேன்ல கன்மேன். ஞாயித்துக்கிழமை ஆனா செக்யூரிட்டி பசங்களுக்கு தற்காப்பு கிளாஸ் எடுக்கறவன்.

— தெரியும் பிரதர். அதான் நீங்க இல்லாத நேரமா பாத்து வந்தேன்.

— வந்துட்டேன்னு சொல்லிட்டு நீ எங்கய்யா போறே?

— இங்கதான் கீறேன்.

— என் முதுகுக்குப் பின்னாடி இன்னாய்யா பண்றே?

— இதுக்குப் பேரு கவர். தற்காப்புல மொத பாடம். குண்டு வர்ற பக்கத்துல கெட்டியா இன்னா கீதோ, அதுக்குப் பின்னாடி போய் நின்னுக்கணும்.

— கெட்டியா கீறது நானா?

— பீரோ தூரமா கீதுமே.

— ரெண்டு பேரும் தனித்தனியா நில்லுங்க பிரதர். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நின்னா எனக்கு யாருக்குக் காட்டறதுன்னு தெரியலை.

— பாத்தியா பாக்கியம்? இத்தத்தான் நான் தொண்டை கிழிய கத்தறேன். நெஜத்துல எதுவும் உன் பேப்பர் மாதிரி சுவத்துல ஒட்டிக்கினு நிக்காது. நேத்து இன்னா சொன்னே? எவன் வந்தாலும் பாத்துக்குவேன்னு சொன்னியா இல்லையா? பந்தயம் ஞாபகம் கீதா?

— இப்பவாய்யா பந்தயம்?

— இன்னா பந்தயம் மேடம்?

— அத்த ஏன் கேக்கறே. நாளைக்கு பெங்களூர்ல ஸ்டேட் மேட்ச். ஏர் பிஸ்டல். டிஸ்ட்ரிக்ட்ல ஜெயிச்சி இப்பதான் மொத வாட்டி போறேன், நாப்பத்திமூணு வயசுல. இந்த மனுசனுக்குப் பொறுக்கலை. பேப்பரைச் சுடறதெல்லாம் ஒரு சுடறதா, எங்கூட கிளாசுக்கு வா, லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கறேன், நீ அசிஸ்டெண்டுன்றாரு. நேத்து சோறு போடும்போது சண்டை முத்திப் போச்சு. வூட்டுக்கு ஒரு திருடன் வந்து, உன் பிஸ்டலை நீ காப்பாத்திட்டின்னா நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன், காப்பாத்தலைன்னா மேட்ச்சை வுட்டுடுன்னாரு. நானும் கோவத்துல சரின்னுட்டேன். நம்ப வூட்டுக்கு எவன் வரப் போறான்னு நெனச்சேன்.

— வந்துட்டேனே மேடம். ஸாரி.

— உன்னைச் சொல்லி இன்னா பண்றது.

— நல்லா கீதுப்பா. ஸாரியெல்லாம் வேணாம், கொஞ்சம் கோவமா பேசு. பேரு இன்னா உனக்கு?

— திருடன் பேரு சொல்வானா பிரதர்?

— சபாஷ். அதான் ரூல்.

— லாய்ட்.

— ஏம்பா சொன்னே!

— மேடம் நல்ல மாதிரி பேசினாங்க. சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதுன்னு தோணுச்சு.

— எந்த ஏரியா லாய்ட்?

— சாம்பியன் ரீப்ஸ் மைன்ஸ் பக்கம் மேடம்.

— சாம்பியனா? பங்காருபேட்டைன்னு இல்ல நெனச்சேன்!

— நீ ஏன்யா அப்படி நெனச்சே?

— மூஞ்சியைப் பாத்தா ரயில் ஜங்ஷன் மூஞ்சியா கீதுமே, அதான்.

— சாம்பியன்ல எந்த லைன் வூடு?

— அது வேணாம் மேடம். லைன் சொன்னா நீங்க யாரு வூட்டு பையன்னு கேப்பீங்க. அப்புறம் எங்க அக்காவை உங்களுக்குத் தெரியும்னு ஆவும். அப்புறம் எப்படி மேடம் நான் திருடறது?

— அதுவும் சரிதான். ஆனா செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வந்து திருடறவனை நான் இப்பதான் பாக்கறேன்.

— வூட்டுக்குள்ள செருப்போட வர்றதா? சாமி படமெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்க.

— சாமி இருக்கட்டும். இந்தப் பொட்டியில இன்னா கீதுன்னு நெனச்சி வந்தே?

— பணம் மேடம். பிரதர் கேஷ் வேன்ல வேலை. நீங்க வாரத்துல நாலு நாள் நம்பர் பூட்டு போட்ட கருப்புப் பொட்டியைத் தூக்கிட்டு பஸ்ல போறீங்க. யாருகிட்டயும் குடுக்க மாட்டேங்கறீங்க, மடியிலயே வெச்சிருக்கீங்க. நான் ரெண்டையும் கூட்டிப் பாத்தேன்.

— தப்பா கூட்டிட்டே.

— ஹௌது மேடம், தப்புதான். பொட்டி மேசை மேல தொறந்தே இருந்தது. எட்டிப் பாத்தா துப்பாக்கி. பயந்துட்டேன். வெச்சிட்டு ஓடிடலாம்னு எடுத்தேன்...

— எடுக்காமலே ஓடியிருக்கலாமே?

— அந்த நேரத்துக்கு தோணலை மேடம். நீங்க பின்னாடி இருந்து துணி எடுத்துக்கினு வந்துட்டீங்க. கையில இருந்தத நீட்டிட்டேன்.

— பிரமாதம்! பாக்கியம், பாத்தியா, கதை எவ்ளோ பொருத்தமா கீது!

— இன்னா கதை?

— இல்ல, அவன் கதை. மேல சொல்லுப்பா. மிரட்டு. இதுக்காகத்தானே வந்தே? ‘எடுடி நகையை’ன்னு ஒரு கத்து கத்து.

— கத்தினா பக்கத்து வூட்டுக்குக் கேக்காதா பிரதர்?

— கேக்கும்யா. இந்த லைன்ல மிக்ஸி போட்டாலே மூணு வூடு தள்ளி சட்னியா சாம்பாரான்னு தெரிஞ்சிடும்.

— சரி, கத்த வேணாம். ஆனா பிடி சரியில்லைப்பா. ஒரு கையில புடிச்சிக்கினு... கிளாஸ்ல எவனாவது இப்படி நின்னா நான் மண்டையில தட்டுவேன். ரெண்டு கையிலயும் புடி. முட்டியை மடக்கு. முன்னாடி சாய்.

— யோவ், அது மேட்ச் பிஸ்டல். ஒரு கைதான் அதுக்கு. லாய்ட், நீ அவரை கேக்காத. பக்கவாட்டா திரும்பு. வலது தோள் என்னைப் பாத்து. முதுகு நேரா. இடது கையை பேன்ட் பாக்கெட்ல வுடு.

— பாக்கெட்ல கையா? இன்னாமே, திருட வந்தவனை பஸ்ஸுக்கு நிக்க வெக்கறே?

— கை சும்மா தொங்குச்சின்னா உடம்பு ஆடும்யா. வுடு லாய்ட்.

— பாக்கெட்ல எடமில்லை மேடம்.

— அப்ப பெல்ட்டைப் புடிச்சிக்க.

— இப்படியா?

— அருமை. இப்ப எங்க பாக்கறே?

— உங்களைத்தான் மேடம்.

— என்னைப் பாக்காத. குழல் முனையில ஒரு சின்ன கட்டை மாதிரி நிக்குதே, அத்த பாரு. நான் மங்கலா தெரிஞ்சா போதும்.

— அய்யோ, கேக்காதப்பா! கையைப் பாரு, எதிராளி கையைப் பாரு! ஆபத்து கையில இருந்துதான் வரும். அப்புறம் பின்னாடி யாரு, கதவு எங்க, ஜன்னல் எங்க, எல்லாம் ஓரக்கண்ணுல ஓடிக்கினே இருக்கணும்.

— பிரதர், அவங்க அசையாதன்றாங்க, நீங்க சுத்திப் பாருன்றீங்க. எனக்கு வாந்தி வர்ற மாதிரி கீது.

— அவ பேச்சைக் கேட்டா வாந்திதான் வரும். ஒரு குண்டு சுடறதுக்கு தூக்குவா, மூச்சு வுடுவா, புடிக்கலைன்னு எறக்குவா. திரும்ப தூக்குவா. அதுக்குள்ள வந்த திருடன் காப்பி போட்டுக் குடிச்சி, தம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போய்டுவான்.

— புடிக்கலைன்னா எறக்கத் தெரியணும்யா. அதான் கஷ்டமே. உன் கிளாசை நான் பாத்தேன்ல ஒரு நாளு? மைன்ஸ் மண்ணு கொட்டின சைனைடு மேட்டுக்குப் பக்கத்துல, ரப்பர் துப்பாக்கியை வெச்சிக்கினு, வளந்த ஆம்பளைங்க எல்லாம் மண்ணுல உருண்டுக்கினு, வாயால டுமீல் டுமீல்னு கத்திக்கினு. ஆடு மேய்க்க வந்த அம்மா ஆட்டையெல்லாம் வுட்டுட்டு ஓடிச்சி.

— அது ட்ரில்!

— எங்க மேட்ச்ல ஒருத்தர் தும்மினாக்கூட மன்னிப்பு கேப்பாங்க.

— உங்க மேட்ச்ல யாரும் திருப்பிச் சுட மாட்டாங்களே.

— உங்க கிளாஸ்ல மட்டும் யாருய்யா திருப்பிச் சுட்டாங்க? டுமீலுக்கு டுமீலு, அவ்ளோதான். பத்தொம்பது வருசத்துல நீ எத்தினி குண்டு சுட்டே, சொல்லு, லாய்ட் கேக்கட்டும்.

— ஒண்ணுகூட இல்ல. அதான்மே என் பெருமை! உன் வெளையாட்டுல சுடலைன்னா சைபரு. என் வேலையில சுடலைன்னாத்தான் சம்பளம். தற்காப்புன்னா இன்னா? துப்பாக்கி எடுக்கறதுக்கு முன்னாடியே சண்டையை முடிக்கறது. ஓட முடிஞ்சா ஓடணும். பேச முடிஞ்சா பேசணும். எதுவும் முடியலைன்னாத்தான்...

— பொண்டாட்டி பின்னாடி நிக்கணும்.

— மேடம், பிரதர் சொன்னது நல்லா இருந்தது மேடம். ஓட முடிஞ்சா ஓடணும்ன்றது. நான் ஓடட்டுமா?

— அந்த பிஸ்டலை வெச்சிட்டு ஓடு.

— வெச்சா நீங்க புடிச்சிக்குவீங்களே.

— எறக்காதப்பா! எறக்கினா நான் பாய்ஞ்சிடுவேன். ரூல் அது.

— அப்ப பாயேன்யா, அவன் அசந்து கீறான்ல?

— இன்னிக்கு நான் பாய மாட்டேன். பந்தயம் உன்னோடது. நீ இன்னா பண்றேன்னு நான் பாக்கணும்.

— இன்னா மனுசன்யா நீ!

— மேடம்... கை வலிக்குது.

— வலிக்கும். தூக்கும்போது ஒண்ணும் தெரியாது, நீட்டிக்கினு நிக்க நிக்க அம்மிக்கல்லு மாதிரி ஆவும். நான் தினமும் காலைல வாசல்ல தண்ணி பாட்டிலை நீட்டிக்கினு நிப்பேன். பால்காரரு தெனமும் கேப்பாரு, ‘இன்னாக்கா, யாருக்கு வழி காட்டறே’ன்னு.

— எவ்ளோ நேரம் மேடம் நிப்பீங்க?

— நீ நிக்கறதை வுட ஜாஸ்தி நேரம்.

— முனை கீழ கீழ வருது மேடம்.

— பாத்துக்கினுதான் கீறேன். லாய்ட், நான் சொல்றதைக் கேளு. நீ என்னைச் சுட்டாக்கூட பரவாயில்லை, அத்த மட்டும் கீழ போட்டுடாத. விழுந்துச்சின்னா குறி பாக்கற சைட்டு கலங்கிடும். நாளைக்கு நான் அங்க போய் சுவத்தைத்தான் சுடணும். இதுக்காக நான் எந்த கல்யாணத்துக்கும் போகலை, ஒரு சினிமா பாக்கலை. இந்த மனுசன் கிண்டல் பண்ணிக்கினே இருந்தாரு, நான் வாசல்ல பாட்டிலைப் புடிச்சிக்கினு நின்னேன்.

— போட மாட்டேன் மேடம். சத்தியமா போட மாட்டேன். ஆனா கைதான்...

— மூச்சை உள்ள இழு. பாதி வுடு.

— வுட்டேன்.

— நல்லா நிக்கறே. நெஜமாவே நல்லா நிக்கறே. எங்க க்ளப்புல புதுசா வர்றவங்களுக்கு இது வர ஒரு மாசம் ஆவும். இப்ப ஒண்ணு சொல்லட்டுமா? மேட்ச்ல ஒரு வார்த்தை கீது. அந்த வார்த்தை கேட்டுச்சின்னா, எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் துப்பாக்கியை மேசை மேல வெச்சிட்டு ஒரு அடி பின்னாடி போயிடணும். மீறினா வெளியே தொரத்திடுவாங்க.

— நான் மேட்ச்ல இல்லையே மேடம்?

— நிக்கறதுல இன்னா கொறைச்சல்? தோளு, பெல்ட்டு, மூச்சு எல்லாம் நான் சொன்ன மாதிரி கீது. நேரா பாரு... ஸ்டாப்!

— மேசை மேலயா மேடம்? வெச்சிட்டேன்.

— அட, வெச்சிட்டான்!

— ஒரு அடி பின்னாடி.

— போனேன் மேடம்.

— இன்னும் ஒண்ணு.

— மேடம்! நீங்க ஏன் மேடம் எடுத்துட்டீங்க? ஸ்டாப்புன்னா ஸ்டாப்புதானே, எல்லாருக்கும்தானே!

— கையைத் தூக்கு லாய்ட்.

— இது ரூல் இல்லை மேடம்!

— எங்க மேட்ச் ரூல் இல்லைதான். இது அவரு கிளாஸ் பாடம்.

— ஆனா குழல் தரையைத்தானே பாக்குது மேடம்?

— மனுசங்க பக்கம் திருப்பக் கூடாது. குழல் முனையில ஆரஞ்சு கலர்ல ஒரு கயிறு தொங்குதே, தெரியுதா? அது உள்ள கீற வரைக்கும் இதுல ஒரு குண்டும் இல்லைன்னு அர்த்தம். மொதல்ல இருந்தே அது உள்ளதான் கீது.

— அய்யோ தேவுரே! அப்ப நான் இம்மாம் நேரம் வெறும் இரும்பையா புடிச்சிக்கினு நின்னேன்?

— குண்டு இல்லைன்னு சொல்லக் கூடாதுமே. எல்லா துப்பாக்கியும் லோடு பண்ணதுதான்னு நெனச்சிக்கணும். கயிறாவது, கம்பியாவது. அதான் தற்காப்புல தலையான ரூல்.

— இப்பவும் கயிறு உள்ளதானே மேடம் கீது? அப்ப நான் ஓடினா...

— ஓடிப் பாரேன்.

— வேணாம் மேடம்.

— சரி பாக்கியம். ஜெயிச்சிட்டே. ஒத்துக்கறேன். வாயால ஒரு ‘ஸ்டாப்’ சொல்லி வாங்கிட்டே பாரு, அதுல தற்காப்பும் கீது, உன் மேட்ச்சும் கீது. போய்ட்டு வா நாளைக்கு. லாய்ட், கையை எறக்குப்பா, உக்காரு. டீ போடுமே, பாவம், வெயில்ல நடந்து வந்திருக்கான்.

— திருடனுக்கு டீயா?

— வேலையை சுத்தமா செஞ்சானா இல்லையா? அதுக்கோசரம்.

— கையை எறக்காத லாய்ட். யோவ், நான் ஒண்ணு கேக்கட்டுமா? தீபாவளிக்கு தெருவுல ஊசி வெடி வெடிச்சாலே நீ பாத்ரூம்ல போய் நிக்கற ஆளு. இன்னிக்கு துப்பாக்கிக்கு முன்னாடி சிரிச்சிக்கினு நின்னே. கயிறு விசயம்கூட உனக்குத் தெரியாது.

— ட்ரெயினிங்மே. மனசு அப்படியே ஐஸ் மாதிரி ஆயிடும்.

— நெஜமாவா?

— பின்ன?

— நான்தான்யா தப்பா நெனச்சிட்டேன். உருள்றாங்க, டுமீல்ன்றாங்கன்னு சிரிச்சேன். இம்மாம் தைரியம் உன் கிளாஸ்ல வருதுன்னா, மேட்ச் முடிஞ்சி வந்ததும் நானும் சேர்றேன். லேடீஸ் பேட்ச்சுக்கு அசிஸ்டெண்டா. போதுமா?

— போதும் பாக்கியம். எனக்குக் கண்ணுல தண்ணி வருது.

— எனக்கும் பிரதர். மேடம், ஒரு நிமிசம் ஒரு கையை எறக்கிக்கறேன். பாக்கெட்ல ஒண்ணு துடிக்குது.

— பாக்கெட்ல எடமில்லைன்னியே, இன்னா அது?

— பிரதர் போனு. வந்ததும் சார்ஜர்ல இருந்து உருவிட்டேன். அத்த சொல்ல மறந்துட்டேன்.

— என் போனை எடுத்தியா? போனை எடுக்கறதா பேச்சே இல்லையே!

— யார்கிட்டய்யா பேச்சு?

— இல்லமே, பொதுவா...

— பரத்னு வருது மேடம்.

— பரத்தா? கட் பண்ணுப்பா! வேன் டிரைவர் அவன், சும்மா பேசுவான். கட் பண்ணு!

— ஏன்யா இப்படி வேர்க்குது உனக்கு? ஐஸ் எங்க போச்சு? லாய்ட், ஸ்பீக்கர்ல போடு.

— மனோகரண்ணே? பரத் பேசறேன். கோச்சுக்காதண்ணே. திருடன் வேசம் போட ஒத்துக்கினாரே எங்க மாமா, அவரு பங்காருபேட்டையில ட்ரெயினை வுட்டுட்டாரு. அண்ணியை மிரட்ட இன்னிக்கு ஆளு வராது. நாளைக்கு காலைல மேட்ச்சுக்குக் கெளம்பறதுக்குள்ள அனுப்பட்டுமா? ஹலோ? அண்ணே? லைன்ல கீறியா?

— கட் பண்ணிடு லாய்ட்.

— பண்ணிட்டேன் மேடம்.

— அப்ப நீ... நெஜமாவே...

— வந்த உடனே சொன்னேனே பிரதர், திருடன்னு. நீங்கதான் சிரிச்சீங்க.

— பாக்கியம், நான் சொல்றத கேளுமே. குழலை எதுக்கு இந்தப் பக்கம் திருப்பறே? கயிறு உள்ளதானே கீது?

— எனக்கு எப்படிய்யா தெரியும்? எல்லா துப்பாக்கியும் லோடு பண்ணதுதான்னு நெனச்சிக்க. லாய்ட், நீ கையை எறக்கு. யோவ், நீ தூக்கு.